ஒரு கடலோரப் பெரணியின் ஹெர்பேரியம் பதிவுகள் குறைந்தால், பெரணியும் குறைந்துவிட்டது என்று எழுதலாமா?

நீங்கள் கேட்டது இது: ஓஃபியோகிளாசம் லூசிடானிகம் என்ற சின்னக் கடலோரப் பெரணிக்கு உயிரினப் பதிவுகளின் உலகத் தரவுத்தளமான ஜிபிஃப்பில் இருக்கும் ஹெர்பேரியம் பதிவுகளை (உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் சேகரம்தான் ஹெர்பேரியம், அந்தத் தாள்தான் ஷீட்) இறக்கி, பத்தாண்டு வாரியாக வரைந்து பார்த்திருக்கிறீர்கள். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கடலில் இருக்கும் கெர்ன்சி தீவிலிருந்து ஷீட்டுகள் குவிகின்றன. பிறகு சரிகின்றன. அண்மைப் பத்தாண்டுகளில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இதை ஆய்வறிக்கையில் 'இனத்தின் சரிவு' என்று எழுதலாமா, அந்தப் பழைய பதிவுகளை எவ்வளவு நம்பலாம் என்பது உங்கள் கேள்வி. அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரு ஹெர்பேரியம் ஷீட் எதற்குச் சாட்சி சொல்கிறது? செடி அங்கே இருந்ததற்கா, அதைத் தேடி ஒருவர் அங்கே போனதற்கா? இரண்டுக்கும்தான். ஆனால் உங்கள் வரைபடத்தின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் காட்டுகிறது. அதனால் 'சரிவு' என்று எழுத வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே தரவிலிருந்து வேறு நல்ல விஷயங்களை எடுக்க முடியும்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் பல வருடங்களாகப் பெரணி ஷீட்டுகளோடு வேலை செய்கிறவன். பெரும்பாலும் தென்னிந்தியச் சேகரங்கள். லூசிடானிகம் என்ற இந்த இனத்தை நான் மண்ணில் பார்த்ததில்லை. ஷீட்டிலும் படத்திலும்தான் பார்த்திருக்கிறேன். ஓஃபியோகிளாசம் பேரினத்தின் மற்ற இனங்கள் பழக்கம். ஆகவே கீழே சொல்வதில் ஷீட்டைப் படிப்பது பற்றிய பகுதியை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். தீவின் தரை நிலவரத்தை அங்கே கள வேலை செய்கிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செடியைப் பற்றித் தெரியாமல் அதன் பதிவுகளைப் படிக்க முடியாது. லூசிடானிகம் போர்ச்சுகல், மத்தியதரைக் கடல் ஓரம், பிரான்சின் அட்லான்டிக் கரை என்று பரவி, வடக்கில் கெர்ன்சி தீவிலும் இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் இருக்கும் சில்லித் தீவுகளிலும் முடிகிறது. பெரணி என்றதும் நம் கண்ணில் வரும் சுருண்டு விரியும் சிறகு இலை இதற்குக் கிடையாது. ஓரிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் ஒடுக்கமான, பிரிவில்லாத ஓர் இலைத்தகடு. பல சமயம் இரண்டு. அதனோடு ஒரு தனிக் காம்பு. காம்பின் நுனியில் இரண்டு பக்கமும் வரிசையாக ஸ்போர்ப் பைகள் (விதைக்குப் பதிலாகப் பெரணி பரப்பும் நுண்துகள்தான் ஸ்போர்), அவ்வளவுதான். கடலைப் பார்த்த சரிவுகளில், பாறையை ஒட்டிய மெல்லிய மண்ணில், புல் குட்டையாக இருக்கும் இடத்தில் வளரும். குளிர்காலத்தில் ஈரமாகவும் கோடையில் காய்ந்து வெடித்தும் கிடக்கும் மண் அது.

இதன் பருவத்தைக் கவனியுங்கள், ஏனென்றால் நான் சொல்லப்போகும் எல்லாமே இதில்தான் நிற்கிறது. ஐரோப்பாவின் பெரும்பாலான பெரணிகள் கோடையில் தழைத்து நிற்கும். லூசிடானிகம் நேர்மாறாக நடந்துகொள்கிறது. இலையுதிர்கால மழை விழுந்த பிறகு, அக்டோபர் நவம்பர் வாக்கில் தலை நீட்டும். ஜனவரியிலிருந்து வசந்தத்தின் தொடக்கம் வரை ஸ்போர் விடும். மே மாதம் முடிவதற்குள் மேலே ஒன்றும் மிஞ்சாது. கோடை முழுவதும் மண்ணுக்கடியில் ஒரு சிறு கிழங்குத்தண்டும் சதைப்பற்றான வேர்களும்தான். சுற்றுலாக்காரர்களும் விடுமுறைக்கு வரும் தாவரவியல் ஆர்வலர்களும் தீவுக்கு வரும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் இந்தச் செடி கண்ணுக்குத் தெரியாது.

சில்லித் தீவுகளின் கதை இதற்கு நல்ல உதாரணம். இங்கிலாந்தின் தாவரவியலாளர்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அந்தத் தீவுகளுக்குப் போய் வந்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் தாவரங்களின் பட்டியல்கள் அச்சாகியிருக்கின்றன. ஆனாலும் லூசிடானிகம் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது 1950இல்தான். செயின்ட் ஆக்னஸ் என்ற தீவின் தெற்கில், விங்கில்டாங் டவுன் என்ற புதர்வெளியில், ஜான் ரேவன் அதைப் பார்த்தார். செயின்ட் ஆக்னஸ் பக்கத்துக் குட்டித் தீவையும் சேர்த்தே ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்தான்; அரை நாளில் சுற்றி வந்துவிடலாம். 1950க்கு முன் அங்கிருந்து ஷீட் இல்லை. அதனால் செடியும் இல்லை என்று சொல்ல முடியுமா? அந்த ஆண்டுதான் காற்றில் ஸ்போர் வந்து முளைத்தது என்றும் வாதிடலாம். ஆனால் சரியான பருவத்தில் தரையில் மண்டியிட்டுப் பார்க்கும் ஆள் முன்பு வரவில்லை என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இதை என் தீர்ப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டில் எது சரி என்று எந்த ஷீட்டும் காட்டாது.

ரேவனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், பதிவுகளை நம்புவது பற்றி நீங்கள் கேட்டதால். கேம்பிரிட்ஜில் கிரேக்கத் தத்துவம் கற்பித்தவர், தாவரவியல் அவருடைய ஈடுபாடு. 1948இல் அவர் ஸ்காட்லாந்தின் ரம் தீவுக்குப் போனார். நியூகாசிலைச் சேர்ந்த பேராசிரியர் ஹெஸ்லாப் ஹாரிசன் அங்கிருந்து அறிவித்திருந்த அரிய செடிகள் உண்மையில் அங்கே வளர்கின்றனவா என்று பார்க்கத்தான் போனார். அவற்றில் சில வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை என்ற முடிவுக்கு வந்து அறிக்கை எழுதினார். அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் பொதுவெளிக்கு வராமல் கல்லூரியில் இருந்தது. அரிய செடி என்றால் பதிவில் பொய்யும் வரலாம் என்பது இதனால் நமக்குத் தெரியும். ஆனால் லூசிடானிகம் விஷயத்தில் நான் பொய்யைப் பற்றிக் கவலைப்படவில்லை. கண்டவரே அவ்வளவு கறாரானவர், பிறகு பலர் அதே இடத்தில் பார்த்திருக்கிறார்கள். கவலை தருவது பொய்யான பதிவுகளைவிட, உண்மையான பதிவுகளைத் தவறாக எண்ணுவதுதான்.

சரி, கெர்ன்சிக்கு வருவோம். அங்கே ஜார்ஜ் வூல்சி 1854இல் இதைக் கண்டுபிடித்தார், தெற்குக் கரையில் பெட்டி போ விரிகுடாப் பக்கத்துச் சரிவுகளில். அந்த ஆண்டைக் கவனியுங்கள். இங்கிலாந்து முழுக்கப் பெரணிப் பித்துப் பிடித்திருந்த நேரம் அது. நத்தானியேல் வார்டு என்ற லண்டன் மருத்துவர் உருவாக்கிய கண்ணாடிப் பெட்டிகளில் வீட்டுக்கு வீடு பெரணி வளர்த்தார்கள். 1855இல் சார்ல்ஸ் கிங்ஸ்லி இதற்கு டெரிடோமேனியா என்றே பெயர் வைத்தார். அப்படிப்பட்ட நேரத்தில், பிரிட்டனுக்குப் புதிய ஒரு பெரணி, நீராவிக் கப்பல் போகும் தூரத்தில், துல்லியமான இடத்தோடு அறிவிக்கப்பட்டால் என்ன நடக்கும்? எல்லோரும் அதே சரிவுக்குத்தான் போவார்கள். உங்கள் வரைபடத்தில் திடீரென்று எழும் அந்த மேடு இதுதான். 1853இல் கெர்ன்சியில் இந்தப் பெரணி குறைவாகவும் 1860இல் அதிகமாகவும் இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டோம் இல்லையா? ஏற்றத்தைச் செடியின் பெருக்கம் என்று படிக்காத நாம், இறக்கத்தை மட்டும் செடியின் அழிவு என்று படிப்பது நியாயமில்லை.

மேட்டின் உயரமும் உண்மையான உயரம் கிடையாது. அந்தக் காலத்தில் ஷீட்டுகளைப் பரிமாறிக்கொள்வதற்கென்றே சங்கங்கள் இருந்தன. 1836இல் தொடங்கிய லண்டன் தாவரவியல் சங்கத்தின் முக்கிய வேலைகளில் ஒன்றே அது. ஓர் உறுப்பினர் ஒரே நாளில், ஒரே சரிவில் ஒரு கூடை செடியைத் தோண்டி, அதைப் பத்துப் பதினைந்து பங்காகப் பிரித்து அனுப்புவார். அவை பலருடைய தனிச் சேகரங்களுக்குப் போய், அவர்கள் காலத்துக்குப் பிறகு லண்டனின் கியூ தாவரவியல் பூங்கா, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், எடின்பரோ, டப்ளின் என்று சிதறியிருக்கும். இன்று ஒவ்வொரு நிறுவனமும் தன் ஷீட்டைத் தனிப் பதிவாக ஏற்றுகிறது. ஒரு மனிதரின் ஒரு நாள் வேலை உங்கள் எக்செல் கோப்பில் பத்து வரிகளாக நிற்கிறது. சேகரித்தவர் பெயர், தேதி, இடம் மூன்றும் ஒத்துப்போகும் வரிகளை ஒன்றாக மடக்குங்கள். ஜிபிஃப்பிலேயே தொடர்புள்ள பதிவுகளைக் கொத்தாகக் காட்டும் வசதி இருக்கிறது, ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே ஆள் ஒரு ஷீட்டில் முழுப் பெயராகவும் இன்னொன்றில் தலைப்பெழுத்தாகவும் இருப்பார். அப்புறம், பரிமாற்ற லேபிளில் அச்சிட்டிருக்கும் ஆண்டு செடி எடுத்த ஆண்டா, சங்கம் விநியோகித்த ஆண்டா என்று பாருங்கள். இரண்டும் ஓரிரு வருடம் வேறுபடலாம்.

மடக்கிய பிறகு மிஞ்சுவதை 'சேகரிப்பு நிகழ்வுகள்' என்று சொல்லுங்கள், 'செடிகள்' என்று சொல்லாதீர்கள். இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஓஃபியோகிளாசத்தின் வேர்களில் மொட்டு விட்டுப் புதிய செடி எழும். அடுத்தடுத்து நிற்கும் நாற்பது தளிர்கள் ஒரே செடியின் கிளைகளாக இருக்கலாம். ஒரு ஷீட்டில் முப்பது தளிர் ஒட்டியிருந்தால், அது செழிப்பான கூட்டத்தையும் காட்டலாம், ஒரே ஒரு பழைய செடியைத் தோண்டியதையும் காட்டலாம். ஷீட்டைப் பார்த்து இதைப் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரிந்து எளிய வழி எதுவும் இல்லை. இளம் பருவமோ இன்னும் மறைவானது. ஸ்போரிலிருந்து வரும் கேமீட்டோஃபைட் மண்ணுக்கடியிலேயே, பச்சையமில்லாமல், பூஞ்சையை நம்பி வாழ்கிறது. அது ஹெர்பேரியத்துக்கு வருவதே இல்லை என்று சொல்லலாம். ஆக, வருடத்தில் பாதி நாள் மறைந்திருக்கும் செடியின் வாழ்க்கையில் பாதியை எந்தச் சேகரமும் பார்த்ததில்லை.

இப்போது பெயர் சரியா என்ற கேள்வி. இங்கேதான் தேதி நமக்குப் பெரிய துணை. கெர்ன்சியிலும் சில்லியிலும் லூசிடானிகத்தோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இனங்கள் உண்டு. ஒன்று ஓஃபியோகிளாசம் வல்கேட்டம், ஐரோப்பாவின் புல்வெளிகளில் பரவலானது, நன்றாக வளர்ந்தால் முட்டை வடிவ அகல இலையோடு பத்து இருபது சென்டிமீட்டர் நிற்கும். ஏழை மண்ணில் அதுவும் குட்டையாகிவிடும். இன்னொன்று ஓஃபியோகிளாசம் அஸோரிகம், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கடலோர இனம். இந்த இரண்டும் வசந்தத்தின் பின்பகுதியிலும் கோடையிலும் மேலே இருப்பவை. ஆகவே லேபிளில் லூசிடானிகம் என்று எழுதி, தேதி ஜூன் அல்லது ஜூலை என்றிருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். பிப்ரவரித் தேதியுள்ள ஷீட்டில் யாரோ வல்கேட்டம் என்று எழுதியிருந்தாலும் அதே அளவு சந்தேகம் வரும். பெயரை மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். மாதத்தைச் செடி முடிவு செய்கிறது. உங்கள் தரவை மாத வாரியாக ஒரு முறை வரைந்து பாருங்கள். ஆண்டு வாரியான வரைபடத்தைவிட அது உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும்.

தேதி சந்தேகத்தை எழுப்பும், தீர்ப்பை உருவம்தான் சொல்லும். லூசிடானிகத்தில் ஸ்போர்ப் பைகள் ஒரு பக்கத்துக்குப் பெரும்பாலும் பத்துக்குள் அடங்கும். வல்கேட்டத்தில் சாதாரணமாக அதற்கு மேல் போகும். இலையை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நரம்பு வலை தெரியும். வல்கேட்டத்தின் வலைக்கண்களுக்குள் தனியாக முடியும் குட்டி நரம்புகள் இருக்கும், லூசிடானிகத்தில் பெரும்பாலும் இருக்காது. நல்ல தெளிவுள்ள ஸ்கேன் படமாக இருந்தால் பைகளை எண்ணிவிடலாம். நரம்பு பார்க்க ஷீட்டே கையில் வேண்டும். அஸோரிகத்தைப் பிரிப்பதுதான் கடினம். குரோமோசோம் எண்ணிக்கையில் மூன்றும் தெளிவாக வேறு: லூசிடானிகத்தில் சுமார் 250, வல்கேட்டத்தில் 480, அஸோரிகத்தில் 720. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான், முதல் இரண்டும் கலந்து மூன்றாவது உருவாகியிருக்கலாம் என்று ஊகித்திருக்கிறார்கள். அழகான ஊகம், ஆனால் ஊகம்தான், ஆய்வறிக்கையில் அப்படியே குறிப்பிடுங்கள். காய்ந்த ஷீட்டில் குரோமோசோம் எண்ண முடியாது, பிளவுறும் உயிருள்ள செல் வேண்டும். ஷீட்டில் செய்யக்கூடியது ஸ்போரை அளப்பது. குரோமோசோம் தொகுதிகள் கூடும்போது ஸ்போரும் பெரும்பாலும் பெரிதாகும். ஒரே ஷீட்டில் இரண்டு இனம் கலந்து ஒட்டியிருப்பதும் இந்தப் பேரினத்தில் நடக்கும். அதனால் ஒரு தளிரைப் பார்த்துவிட்டு முழு ஷீட்டுக்கும் பெயர் வைக்காதீர்கள்.

நியூசிலாந்திலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் சில பதிவுகள் இதே பெயரில் வருகின்றன, அவற்றை நீக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அவை அடையாளப் பிழைகள் இல்லை. 1938இல் கிளாசன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் இந்தக் குடும்பத்தை மொத்தமாகத் திருத்தி எழுதியபோது, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கத்துச் சின்ன இனத்தையும் கலிஃபோர்னிய இனத்தையும் லூசிடானிகத்தின் துணையினங்களாக வைத்தார். இன்று அவற்றைத் தனி இனங்களாகவே நடத்துகிறார்கள். பழைய லேபிளில் பழைய பெயர் தங்கிவிட்டது. ஆகவே நீக்கலாம், ஆனால் காரணத்தைக் குறிப்பிட்டு நீக்குங்கள்.

இடக்குறிப்பு பற்றி. பழைய ஷீட்டில் பல நேரம் 'கெர்ன்சி' என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும். அதற்கு அட்சரேகை தீர்க்கரேகை போட்டவர் தீவின் நடுப்புள்ளியைப் போட்டிருப்பார். நடுப்புள்ளியில் வயலும் வீடும்தான் இருக்கும், கடலோரச் சரிவு இருக்காது. இடம் எத்தனை மீட்டர் வரை தவறலாம் என்று பதிவோடு வரும் கணக்கைப் பார்க்காமல், செடி எங்கே வளரும் என்று கணிக்கும் வாழிட மாதிரிக்குள் எந்தப் புள்ளியையும் போடாதீர்கள். பிரிட்டனில் அரிய செடிகளின் இடத்தை வேண்டுமென்றே பத்து கிலோமீட்டர் சதுரமாக மங்கலாக்கித் தருவதும் உண்டு. ஒன்றரைச் சதுர கிலோமீட்டர் தீவுக்குப் பத்து கிலோமீட்டர் சதுரம் என்றால், புள்ளி கடலில் விழுவது இயல்பு. அதைப் பிழை என்று தூக்கி எறிய வேண்டாம். பிரிட்டிஷ் பதிவர்கள் நாட்டைப் பிரித்திருக்கும் பழைய எண்முறையில் சில்லித் தீவுகள் மேற்குக் கார்ன்வாலோடு சேர்ந்து 1ஆம் எண்ணிலும், கெர்ன்சி 113ஆம் எண்ணிலும் வருகின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'மேற்குக் கார்ன்வால்' என்று மட்டும் இருக்கும் பதிவு உண்மையில் செயின்ட் ஆக்னஸாக இருக்கலாம்.

பிரான்சில் இவ்வளவு புள்ளிகள் ஏன் என்பதற்கும் செடி முழுப் பொறுப்பில்லை. பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தன் ஹெர்பேரியத்தைப் புதுப்பித்தபோது ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஷீட்டுகளைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டது. கியூ தன்னிடமுள்ள சுமார் எழுபது லட்சம் ஷீட்டுகளை முழுமையாகப் படமெடுக்கும் வேலையைப் பல வருடங்கள் கழித்துத்தான் தொடங்கியது. எந்த நிறுவனம் முதலில் ஸ்கேன் செய்தது என்பதும் உங்கள் வரைபடத்தில் கலந்திருக்கிறது. நாடு நாடாக ஒப்பிடும் எண்ணம் இருந்தால் இதை மறக்காதீர்கள்.

இனி அந்த இறக்கத்துக்கு. பெரணிப் பித்து 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் தணிந்தது. ஒரே இடத்துச் செடிக்கு ஏற்கெனவே எல்லாச் சேகரங்களிலும் ஷீட் இருந்ததால் புதிதாக எடுக்க அவசியமும் குறைந்தது. 1954இல் பிரிட்டனில் நாடு தழுவிய வரைபடத் திட்டம் தொடங்கியபோது, தாவரவியலாளர்கள் செடியைப் பறிக்காமல் அட்டையில் குறிக்கப் பழகினார்கள். 1962இல் அந்த அட்டைகளிலிருந்து வரைபட நூல் வந்தது. பிறகு 1981இல் வந்த வனவுயிர், நாட்டுப்புறச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் லூசிடானிகமும் இருக்கிறது. அனுமதியில்லாமல் பறிப்பதே குற்றம். கெர்ன்சி அந்தச் சட்டத்துக்குள் வராது, ஆனால் பறிக்கக் கூடாது என்ற மனநிலை அங்கேயும் வந்துவிட்டது. அதாவது, செடியைக் காப்பாற்ற எடுத்த ஒவ்வொரு நல்ல முடிவும் உங்கள் கோட்டைக் கீழே இழுத்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட செடிக்கு ஷீட் வராது. இதைப் புரிந்துகொள்ளாமல் ஷீட் எண்ணிக்கையை மட்டும் வைத்து அழிவுக் கணக்கு போடும் மாணவர் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. தரவு இலவசமாகக் கிடைப்பது பெரிய வரம். அதைக் கொடுத்தவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்று கேட்காமல் பயன்படுத்துவது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதைக் குறைவு.

அப்படியென்றால் பழைய சேகரிப்பாளர்கள் செடிக்குத் தீங்கே செய்யவில்லையா? இதில் உறுதியாகப் பேச முடியாது. இலையை மட்டும் கிள்ளினால் கிழங்குத்தண்டு அடுத்த குளிர்காலத்தில் மீண்டும் துளிர்க்கும். ஆனால் ஷீட்டுகளில் செடிகள் வேரோடுதான் இருக்கின்றன, கண்ணாடிப் பெட்டிக்காரர்களுக்கும் வேர்தான் வேண்டும். ஒரு குறிப்பிட்ட சரிவில் அது பாதித்திருக்கலாம். பொதுவாகப் பெரிய ஆபத்து வேறு என்பது என் கருத்து. மேய்ச்சல் நின்ற கடலோர வெளிகளில் முட்புதரும் காட்டுப் பெரணியும் மூடிக்கொள்ளும்போது, இரண்டு சென்டிமீட்டர் செடிக்கு வெளிச்சமே கிடைக்காது. ஷீட் இதைச் சொல்லாது. அதே இடத்தின் பழைய புகைப்படமும், மேய்ச்சல் பற்றிய ஊர்க் குறிப்புகளும் சொல்லும்.

நம் பக்கத்துக்கும் இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. உலகிலேயே அதிகக் குரோமோசோம் கொண்ட உயிரினமாகப் பாடநூல்களில் வரும் ஓஃபியோகிளாசம் ரெட்டிகுலேட்டம் இதே பேரினம்தான். 1954இல் திருவனந்தபுரத்தில் ஆபிரகாமும் நைனானும் அதில் 1260ஐ ஒட்டிய எண்ணிக்கையை அறிவித்தார்கள். 2018இல் குஜராத்தின் டாங் பகுதியிலிருந்து விவரிக்கப்பட்ட ஓஃபியோகிளாசம் மால்வியே ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய உயரம்தான்; தரையில் வாழும் பெரணிகளில் மிகச் சிறியது என்று அறிவித்தார்கள். நம் ஊரில் இந்தப் பேரினத்தை மறைப்பது கோடைதான். மழை விழுந்ததும் மேலே வந்து, மண் காய்ந்ததும் போய்விடும். மதராஸ் மாகாணப் பெரணிகளை முதலில் விரிவாகத் தொகுத்த பெட்டோம் வனத்துறை அதிகாரி. அவர் கால்கள் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் போனது அவருடைய வேலையாலும்தான். சமவெளிக் கடலோர மணலில் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் சில வாரங்கள் மட்டும் தெரியும் ஓஃபியோகிளாசத்துக்குப் பழைய ஷீட்டுகள் குறைவாகவே இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் கோயம்புத்தூர் மெட்ராஸ் ஹெர்பேரியத்தின் அலமாரியைத் திறக்க வேண்டும். உங்களுக்கு அடுத்த தலைப்பு வேண்டுமானால், அந்த ஷீட்டுகளின் மாதங்களை மழைக் கணக்கோடு வைத்துப் பார்ப்பதைச் சிபாரிசு செய்வேன். முன் அனுமதி கேட்டுப் போனால் நேரில் பார்க்கலாம்.

இப்போதைய அறிக்கைக்கு நான் செய்வதாக இருந்தால்: நகல்களை மடக்கி நிகழ்வுகளாக்குவேன். படம் இருக்கும் ஷீட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பைகளை எண்ணி, மாதத்தையும் சேர்த்து, 'உறுதி', 'இருக்கலாம்', 'ஐயம்' என்று எக்செல் கோப்பின் ஒரு பத்தியில் குறிப்பேன். உறுதியானவற்றை வைத்து இரண்டே விஷயம் சொல்வேன்: இந்தச் செடி எந்த மாதங்களில் மேலே இருக்கிறது, எந்தக் கரைகளில் இருந்தது. இன்று அங்கே இருக்கிறதா என்பதை ஷீட்டிலிருந்து எடுக்காமல், பறிக்காமல் பதிந்த களக் குறிப்புகளிலிருந்து எடுப்பேன். ஜிபிஃப்பில் பதிவின் அடிப்படை என்ன என்று காட்டும் பத்தியில் ஷீட், நேரடிப் பார்வை இரண்டையும் பிரித்துக்கொள்ளலாம். நீங்கள் இறக்கியபோது ஷீட் மட்டும் என்று வடிகட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வடிகட்டியை எடுத்துவிட்டு மறுபடி இறக்கிப் பாருங்கள். கோடு எங்கே மறுபடி எழுகிறது என்பதை இங்கே பதிந்தால், மேற்கொண்டு பேசலாம்.